எண்ணச் சுழற்சி நோயும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின், அதாவது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவங்கள் அவற்றை அகற்றும் திறனை மிஞ்சும் நிலையின், தடயங்கள் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் கடந்த சில ஆண்டுகளாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. ஆய்விதழில் இது தயக்கத்தோடு எழுதப்படும் ஒரு வரி. அதே வரி சத்து மாத்திரை விளம்பரங்கள் வழியாகவும் கைபேசிக்கு வரும் செய்தித் துணுக்குகள் வழியாகவும் பெற்றோரை வந்தடையும்போது, 'பிள்ளையின் மூளையில் நச்சு சேர்ந்துவிட்டது, ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) கொடுத்தால் சரியாகிவிடும்' என்று உருமாறிவிடுகிறது. இந்தத் தொடர்பை ஆராய வலுவான உயிரியல் காரணங்கள் உண்டு. அதே சமயம், கையில் இருக்கும் சான்றுகளை வைத்துக்கொண்டு இது நோயின் காரணமா, நோயின் விளைவா, இரண்டும் இல்லாமல் உடன் நடக்கும் வேறொன்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மூன்றையும் பிரித்தறியாமல் மருந்தைத் தொடங்குவது அவசரம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயின் இயல்பிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் இரத்தப் பரிசோதனை வாதங்கள் எல்லாம் பிள்ளையின் அன்றாடத்தோடு பின்னிக் கிடக்கின்றன. ஓசிடி என்ற சுருக்கப் பெயரால் பலரும் அறிந்த இந்த நோய், பிள்ளைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை காணப்படுகிறது. இது தொடங்கும் வயதில் இரண்டு உச்சங்கள் உண்டு: ஒன்று பத்து, பதினொரு வயதையொட்டி, மற்றொன்று இருபதுகளின் தொடக்கத்தில். சிறு வயதில் தொடங்குவது ஆண் பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதல். கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற தன்னிச்சையான அசைவுகளும் அவர்களிடம் சேர்ந்து வருவதுண்டு. விரும்பாமலே மீண்டும் மீண்டும் வந்து அச்சுறுத்தும் எண்ணமும், அந்த அச்சத்தைத் தணிப்பதற்காகச் செய்தே தீர வேண்டியதாகத் தோன்றும் செயலும்தான் நோயின் இரண்டு முகங்கள்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வீட்டுப்பாடம் எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்தின் சுழி சரியாக வரவில்லை என்று அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள், மறுபடி அழிக்கிறாள், தாள் கிழிகிறது, புதுப் பக்கத்தில் முதலிலிருந்து தொடங்குகிறாள். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்பது அவளுக்கே தெரியும்; 'சரி, முடிந்தது' என்ற உணர்வுதான் வர மறுக்கிறது. நடுநடுவே, "அம்மா, என்னால உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கிறாள். தாய் சொல்லும் ஆறுதல் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். பிறகு அதே கேள்வி, அதே சொற்களில். பதினொரு மணிக்கு உறங்கப் போகும்போது கதவுத் தாழ்ப்பாளை எண்ணிக்கை வைத்துத் தொட வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. நோயின் தீவிரத்தை மருத்துவர்கள் அளப்பது பிள்ளைகளுக்கான யேல்-பிரவுன் அளவுகோலால். அதில் பத்துக் கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. பதினாறோ அதற்கு மேலோ வந்தால் சிகிச்சை தேவைப்படும் அளவு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இரத்தப் பரிசோதனை எதுவும் இந்நோயைக் கண்டறியும் முறையில் இல்லை.

இது மனத்தின் பிடிவாதம் அல்ல, மூளையின் ஒரு குறிப்பிட்ட சுற்றுப்பாதை சார்ந்தது என்பதற்கான முதல் தெளிவான படங்கள் 1980-களில் கிடைத்தன. 1987-இல் லூயிஸ் பேக்ஸ்டர் குழுவினர், நோயாளிகளின் மூளையில் கண்களுக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியில் குளுக்கோஸ் செலவு கூடுதலாக இருப்பதை பெட் ஸ்கேன் மூலம் காட்டினர். சிறு வயதிலேயே நோய் தொடங்கிய பெரியவர்களை ஆராய்ந்து 1989-இல் சூசன் ஸ்வீடோ குழுவினரும் முன்மூளையில் இதை ஒத்த ஒன்றைக் கண்டனர். முன்மூளையிலிருந்து, ஆழத்தில் உள்ள காடேட் உள்ளிட்ட ஸ்ட்ரையேட்டம் பகுதிக்கும், அங்கிருந்து தலாமஸுக்கும், மறுபடி முன்மூளைக்கும் செல்லும் இந்த வளையத்தில், 'ஏதோ தவறு' என்ற சமிக்ஞை அணையாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பேக்ஸ்டர் குழுவினர் 1992-இல் வெளியிட்ட இன்னொரு முடிவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஃபுளூஆக்ஸெட்டின் மாத்திரையால் குணம் கண்டவர்களிடமும், மாத்திரையே இல்லாமல் நடத்தைச் சிகிச்சையால் குணம் கண்டவர்களிடமும், காடேட் பகுதியின் குளுக்கோஸ் செலவு ஒன்றுபோலக் குறைந்தது. மூளையின் வேதியியல் மாற வேண்டுமானால் ஒரு வேதிப்பொருளை உள்ளே செலுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இது கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

இனி ஆக்சிஜனேற்ற அழுத்தம். உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும்போது, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி முழுதாக நீராக மாறாமல் சூப்பர் ஆக்சைடு என்ற வினைத்திறன் மிக்க வடிவில் நழுவிவிடுகிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் இந்த நொதியின் வேலையை அடையாளம் கண்டார்கள். பிறகு கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் அந்த ஹைட்ரஜன் பெராக்சைடை நீராக்குகின்றன. உற்பத்திக்கும் அப்புறப்படுத்தலுக்கும் இடையிலான சமநிலை உற்பத்தியின் பக்கம் சாயும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற கருத்தை 1985-இல் ஹெல்முட் சீஸ் வரையறுத்துத் தந்தார்.

இந்த வினைப்பொருள்களை வெறும் கழிவாக, நச்சாகப் பார்ப்பது தவறு. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதே சூப்பர் ஆக்சைடைப் பொழிந்துதான். மரபணுக் கோளாறால் அந்தத் திறன் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் நாள்பட்ட கிரானுலோமா நோயால், சாதாரணக் கிருமிகளிடம்கூடத் தோற்றுப் படுக்கையில் விழுகிறார்கள். நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படுவதற்கு, அதாவது கற்றலுக்கு, சிறு அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு சமிக்ஞையாகப் பயன்படுகிறது. ஆகவே இதை முற்றிலும் துடைத்தெறிவது இலக்காக இருக்க முடியாது. வளரும் மூளையில் அப்படி ஒரு துடைப்பு சாத்தியமானால், அதன் விளைவைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

எல்லா உறுப்புகளிலும் நடக்கும் இந்த வேதியியல் மூளையில் மட்டும் ஏன் கவலைக்குரியதாகிறது? உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடலின் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. இது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளின் மூளை இன்னும் பசி மிகுந்தது: கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்து வயதையொட்டி உடலின் ஓய்வுநிலை ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கு நிகரான குளுக்கோஸை மூளையே எடுத்துக்கொள்கிறது. அதோடு நரம்புச் சவ்வுகளில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருக்கின்றன. எண்ணச் சுழற்சி நோயோடு தொடர்புடைய ஸ்ட்ரையேட்டத்துக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. அங்கே டோபமைன் என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருள் மிகுதி. மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதி டோபமைனைச் சிதைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. ஸ்ட்ரையேட்டமும் அதன் அண்டைப் பகுதிகளும் இரும்புச் சத்தைச் சேர்த்துவைக்கும் இடங்களும்கூட. பிறந்ததிலிருந்து இருபதுகள் வரை அங்கே இரும்பு ஏறிக்கொண்டே போகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சந்தித்தால், 1894-இல் ஹென்றி ஃபென்டன் விவரித்த வினையின்படி, எதையும் தாக்கவல்ல ஹைட்ராக்சில் ராடிக்கல் உருவாகிறது.

இவற்றைப் படித்ததும் பலர் ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறார்கள்: வளையம் மிகையாக இயங்குகிறது, மிகையான இயக்கத்தால் மிகையான ஆக்சிஜன் கழிவு, அதனால் சேதம். சொல்வதற்கு எளிது, ஆனால் மைட்டோகாண்ட்ரியா அப்படி நடந்துகொள்வதில்லை. எலக்ட்ரான்கள் விரைந்து ஓடி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் உற்பத்தி மும்முரமாக நடக்கும்போது சூப்பர் ஆக்சைடு கசிவது குறைவு. ஆற்றலுக்குத் தேவை குறைந்து, எலக்ட்ரான்கள் முன்னே போக வழியில்லாமல் தேங்கும்போதுதான் கசிவு கூடும். எனவே ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்கிறது என்பதிலிருந்து அங்கே ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கூடுதல் என்று நேரடியாகத் தாவ முடியாது. தொடர்பு இருந்தால் அது வேறு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். என் பார்வையில் அந்த வேறு வழிகளில் மிகவும் கவனத்துக்குரியது குளுட்டமேட்.

குளுட்டமேட் மூளையின் முதன்மையான தூண்டு சமிக்ஞை. முன்மூளையிலிருந்து ஸ்ட்ரையேட்டத்துக்குச் செல்லும் நரம்புகள் பேசுவது இந்த மொழியில்தான். டேவிட் ரோசன்பெர்க் குழுவினர் 2000-த்தில், அதுவரை மருந்தே எடுத்திராத பிள்ளைகளின் காடேட் பகுதியில் குளுட்டமேட் தொகுதியின் அளவு உயர்ந்திருப்பதையும், பரோக்ஸெட்டின் சிகிச்சைக்குப் பின் அது குறைவதையும், மூளைக்குள் உள்ள வேதிப்பொருள்களின் அளவை ஸ்கேன் மூலம் கணிக்கும் காந்த அதிர்வு நிறமாலை முறையில் காட்டினர். அதே குழுவினர் பின்னர் முன்புற சிங்குலேட் பகுதியில் குளுட்டமேட் குறைந்திருப்பதையும் கண்டனர். அதாவது எங்கும் ஒரே திசையில் மாறவில்லை. குளுட்டமேட் அளவுக்கு மீறினால் செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தூண்ட, நைட்ரிக் ஆக்சைடு சூப்பர் ஆக்சைடோடு கூடி பெராக்சிநைட்ரைட் என்ற கடுமையான ஆக்சிஜனேற்றியாகிறது. இது அறியப்பட்ட பாதை.

இதைவிட நுட்பமான இணைப்பு ஒன்று உண்டு. நரம்புச் செல்லின் சவ்வில் இருந்துகொண்டு வெளியிலுள்ள குளுட்டமேட்டை உள்ளே இழுக்கும் ஒரு கடத்துப் புரதத்துக்கு இஏஏடி3 என்று பெயர். அதை உருவாக்கும் மரபணு எஸ்எல்சி1ஏ1. 2006-இல் இரண்டு தனித்தனி குழுவினர், இந்த மரபணுவின் சில வடிவங்கள் எண்ணச் சுழற்சி நோயோடு, குறிப்பாக ஆண்களிடம், தொடர்புடையதாகத் தோன்றுவதாக அறிவித்தனர். அதே 2006-இல், வேறு நோக்கத்தோடு செய்யப்பட்ட ஓர் ஆய்வு, இதே புரதம் இல்லாத எலிகளின் நரம்புச் செல்களில் குளுட்டாதயோன் குறைந்துவிடுவதைக் காட்டியது. காரணம், இந்தப் புரதம் குளுட்டமேட்டோடு சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தையும் உள்ளே கொண்டுவருகிறது. நரம்புச் செல் தன் முதன்மையான ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகிய குளுட்டாதயோனைத் தயாரிக்க அந்தச் சிஸ்டைன் வேண்டும். ஒரே வாயில் வழியாகச் சமிக்ஞையின் ஒழுங்கும் பாதுகாப்பின் மூலப்பொருளும் நுழைகின்றன என்றால், அந்த வாயில் சரியாக இயங்காதபோது இரண்டும் சேர்ந்தே தடுமாறும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் எண்ணச் சுழற்சியையும் இணைக்கும் கருதுகோள்களில் எனக்கு மிகவும் அறிவார்ந்ததாகப் படுவது இதுதான். ஆனால் தனி மரபணுக்களைக் குறிவைத்த அந்தக் கால ஆய்வுகளின் முடிவுகள் பின்னர் ஒரே சீராக உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்நோயின் மரபுப் பங்கு, ஒவ்வொன்றும் மிகச் சிறிய விளைவுடைய பல நூறு மாறுபாடுகளில் சிதறிக் கிடப்பதாகவே இன்றைய பெரும் மரபணுத்தொகுதி ஆய்வுகள் காட்டுகின்றன.

நோய் எதிர்ப்பு மண்டலம் வழியாகவும் ஒரு பாதை உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்றுக்குப் பின் சில பிள்ளைகளிடம் எண்ணச் சுழற்சி ஒரே இரவில் வெடித்ததுபோலத் தோன்றுவதை 1998-இல் ஸ்வீடோ குழுவினர் ஐம்பது பிள்ளைகளின் விவரங்களோடு விவரித்தார்கள். அழற்சி இருக்கும் இடத்தில் ஆக்சிஜனேற்றமும் இருக்கும். ஆனால் இவ்வகைப் பிள்ளைகள் சிறுபான்மையினர். மெல்ல மெல்ல முற்றும் பெரும்பான்மை நோய்க்கு இந்த விளக்கத்தை நீட்டுவது இப்போதைக்குப் பொருந்தாது.

கருதுகோள்கள் இவ்வாறு இருக்க, உண்மையில் அளக்கப்பட்டது என்ன? பெரும்பாலான ஆய்வுகளின் அமைப்பு ஒன்றுதான். மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வரும் சில டஜன் பிள்ளைகள், வயதும் பாலினமும் ஒத்த அதே அளவு ஆரோக்கியமான பிள்ளைகள், ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு முறை இரத்தம். இத்தகைய ஆய்வுகளில் கணிசமானவை துருக்கி மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. அளக்கப்படுபவை: கொழுப்புச் சேதத்தின் எச்சமான எம்டிஏ, டிஎன்ஏ சேதத்தின் எச்சமான 8-ஓஎச்டிஜி, மேலே சொன்ன நொதிகளின் செயல்திறன், மொத்த ஆக்சிஜனேற்றி அளவு, மொத்தத் தடுப்பு அளவு, இவ்விரண்டின் விகிதம், அண்மைக் காலத்தில் கந்தகச் சேர்மங்களின் நிலையைக் காட்டும் தயோல்-டைசல்ஃபைடு சமநிலை. பெரும்பாலும் பெரியவர்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, சேதத்தின் எச்சங்கள் உயர்ந்தும் மொத்தத் தடுப்பு அளவு தாழ்ந்தும் இருப்பதாக முடிவுசெய்தது. பாதுகாப்பு நொதிகளின் கதையில்தான் குழப்பம். அவை உயர்ந்திருந்தால் 'சேதத்தை ஈடுகட்ட உடல் முயல்கிறது' என்றும், தாழ்ந்திருந்தால் 'பாதுகாப்பு தீர்ந்துவிட்டது' என்றும் கட்டுரைகள் விளக்கம் தருகின்றன. எந்த முடிவு வந்தாலும் கருதுகோள் வென்றுவிடும் என்றால், அந்தக் கருதுகோள் எதையும் பணயம் வைக்கவில்லை என்று பொருள்.

அளக்கும் கணத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இன்னும் சில சங்கடங்கள் புலப்படும். பிள்ளையின் நரம்பு மெல்லியது, ஊசியும் மெல்லியது. பிள்ளை அழுது கையை இழுக்கிறது. இரத்தத்தைச் சற்று வலுவாக இழுக்க நேரிடுகிறது. சிவப்பணுக்கள் சில உடைகின்றன. சிவப்பணுக்களுக்குள் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸும் கேட்டலேஸும் நிறைந்திருப்பதால், அணுக்கள் உடைந்த மாதிரியில் பிளாஸ்மாவின் நொதி அளவு பொய்யாக எகிறும். வெளிவந்த ஹீமோகுளோபினின் இரும்பு குழாய்க்குள்ளேயே கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கும். ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் அஞ்சும் பிள்ளை, 'கிருமி ஒட்டிக்கொள்ளும்' என்ற எண்ணத்தால் வாட்டப்படும் பிள்ளை, ஆரோக்கியமான ஒப்பீட்டுப் பிள்ளையைவிடக் கூடுதலாகத் திமிறுவது இயல்பு. பிறகு எம்டிஏ பரிசோதனை. பரவலாகப் பயன்படும் மலிவான முறையில் தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கி, தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தின் அடர்த்தியை 532 நானோமீட்டரில் படிக்கிறார்கள். அந்த நிறத்தை எம்டிஏ மட்டுமே தருவதில்லை. மற்ற ஆல்டிஹைடுகளும் சில சர்க்கரைகளும்கூட ஒத்த நிறம் தரும், பிலிரூபின் குறுக்கிடும். சூடாக்கும்போதே புதிதாகச் சிறிது எம்டிஏ உருவாகவும் செய்யும். மாதிரி எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, மைனஸ் 80 டிகிரியில் எத்தனை மாதம் உறைந்திருந்தது, இரு குழுக்களின் மாதிரிகளும் ஒரே நாளில் சோதிக்கப்பட்டனவா என்பதெல்லாம் முடிவைப் பாதிக்கும். ஒரு கட்டுரையின் தரத்தை மதிப்பிட நான் முதலில் தேடுவது, முடிவுரையை அல்ல, இந்த விவரங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான்.

மாதிரி குறையின்றி எடுக்கப்பட்டதாகவே கொண்டாலும், அது இரத்தத்தின் கதை. இரத்தத்தில் மிதக்கும் எம்டிஏ கல்லீரலிலிருந்தோ தசையிலிருந்தோ கொழுப்புத் திசுவிலிருந்தோ வந்திருக்கலாம். சிறுநீரில் தெரியும் 8-ஓஎச்டிஜி உடல் முழுவதிலிருந்தும் சேர்ந்தது. ஊருக்கு மேல் புகை தெரிந்தால் எங்கோ அடுப்பு எரிகிறது என்று சொல்லலாம், எந்த வீட்டு அடுப்பு என்று சொல்ல முடியாது. மூளைக்குள்ளேயே குளுட்டாதயோனை அளக்க வழி உண்டு. காந்த அதிர்வு நிறமாலையில் அதைப் பிரித்தெடுக்கும் நுட்பங்கள் வந்துவிட்டன. ஆனால் அதன் சமிக்ஞை, பன்மடங்கு வலுவான கிரியேட்டின் சமிக்ஞைக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. அதை நம்பகமாகப் பிரிக்க, பிள்ளை நீண்ட நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தன்னிச்சை அசைவுகள் உள்ள பிள்ளையிடம், 'சரியாக வரும்வரை' தலையை ஒரு குறிப்பிட்ட விதமாக வைத்தாக வேண்டிய பிள்ளையிடம், இதைக் கேட்பது எளிதல்ல.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தோன்றும் தடை வேறு. எண்ணச் சுழற்சி நோய் ஒரு பிள்ளை உண்பதை, உறங்குவதை, விளையாடுவதை மாற்றிவிடுகிறது. மேலே சொன்ன ஒன்பது வயதுப் பெண் தாழ்ப்பாளை எண்ணி முடித்துத் தூங்கும்போது நள்ளிரவு கடந்திருக்கலாம். அசுத்தம் என்ற அச்சம் உள்ள பிள்ளை, பிறர் கைபட்ட பழத்தைத் தொடாது, பச்சைக் காய்கறியை ஒதுக்கும், பொட்டலத்தில் அடைத்தது மட்டும் பாதுகாப்பு என்று அதிலேயே வயிற்றை நிரப்பும்; உணவிலிருந்து வர வேண்டிய சி உயிர்ச்சத்தும் ஈ உயிர்ச்சத்தும் இதனால் குறைவது வியப்பல்ல. நாளுக்கு நூறு முறை கழுவிய கையின் தோல் வெடித்து அழற்சி கண்டிருக்கும். வெளியே ஓடியாடுவது குறைந்திருக்கும், எடை கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். இடைவிடாத அச்சம் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் சுரப்பை மாற்றும். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகவே ஆக்சிஜனேற்றக் குறியீடுகளை அசைக்கக் கூடியவை. போதாக்குறைக்குப் பருவமடைதல், இரண்டு வாரங்களுக்கு முன் வந்த காய்ச்சல், வீட்டில் யாராவது புகைப்பது, ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகள். வயதையும் பாலினத்தையும் மட்டும் ஒத்திசைத்துவிட்டு 'நோயுள்ள பிள்ளைகளிடம் எம்டிஏ கூடுதல்' என்று எழுதினால், அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் நோய் அதை உண்டாக்கியதா, நோயால் கெட்ட தூக்கமும் உணவும் உண்டாக்கியதா என்பது அதில் இல்லை.

இதே குறியீடுகள் மனச்சோர்வில், இருதுருவ நோயில், மனச்சிதைவில், ஆட்டிசத்தில், கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டில் எனக் கிட்டத்தட்ட எல்லா மனநல நோய்களிலும் இதே திசையில் மாறியிருப்பதாக ஆய்வுகள் உண்டு. எல்லா நோயிலும் உயரும் ஒன்று எந்த நோயையும் தனித்து அடையாளம் காட்டாது.

ஆனாலும் மருந்துச் சோதனை வேறு வகைச் சான்று. குறியீடு எதுவாக இருந்தாலும், தடுப்பானைக் கொடுத்துப் பிள்ளை தேறினால் அதை மதிக்கத்தான் வேண்டும். இங்கே அதிகம் சோதிக்கப்பட்டது என்-அசிட்டைல்சிஸ்டைன். பாராசிட்டமால் அளவு மீறியவர்களின் கல்லீரலைக் காக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் இந்த மருந்து, குளுட்டாதயோனுக்கு வேண்டிய சிஸ்டைனைத் தருவதோடு, துணைச் செல்களின் வழியாகச் செல்வெளிக் குளுட்டமேட்டையும் ஒழுங்குபடுத்துகிறது. மேலே விவரித்த இரட்டை வாயில் கருதுகோளுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்தைக் கற்பனை செய்வது கடினம். முதல் முடிவுகள் ஊக்கம் தந்தன. எண்ணச் சுழற்சியோடு உறவுடைய முடி பிடுங்கும் நோய் உள்ள 50 பெரியவர்களிடம் 2009-இல் ஜான் கிராண்ட் குழுவினர் நடத்திய பன்னிரண்டு வாரச் சோதனையில், மருந்து எடுத்தவர்களில் 56 சதவீதத்தினர் நன்கு தேறினர். போலி மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதத்தினரே. இதே நோயுள்ள 39 பிள்ளைகளிடம் மைக்கேல் பிளாக் குழுவினர் செய்து 2013-இல் வெளியிட்ட சோதனையிலோ மருந்துக்கும் போலி மாத்திரைக்கும் வேறுபாடே இல்லை. எண்ணச் சுழற்சி நோயிலும் நிலைமை இதுபோலத்தான்: பெரியவர்களிடம் சில சோதனைகள் பலன் காட்டின, 44 பேரைக் கொண்டு 2015-இல் வெளிவந்த சோதனையில் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, பிள்ளைகளிடம் நடந்தவை மிகச் சில, அவை சாதகமாக இருந்தாலும் மிகச் சிறியவை.

முடி பிடுங்கும் நோயில் பெரியவர்களிடம் பலித்தது பிள்ளைகளிடம் பலிக்கவில்லை என்ற அந்த ஒரு வேறுபாட்டை எளிதாகக் கடந்து போகக் கூடாது. பிள்ளையின் மூளை பெரியவரின் மூளையின் சிறு பதிப்பு அல்ல. இணைப்புகள் வெட்டப்பட்டும் வலுப்படுத்தப்பட்டும் வரும் காலத்தில் குளுட்டமேட்டின் வேலையே வேறு. போலி மாத்திரைக்குக் கிடைக்கும் பலனும் பிள்ளைகளிடம் வேறு அளவில் இருக்கும்.

'பலன் இல்லாவிட்டாலும் தீங்கில்லையே' என்று சொல்வோர் உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் முடிவு வெளிவந்த சோதனையில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியது. அது பெரியவர்களின், அதிலும் புகைப்பவர்களின் கதைதான். ஆனால் தடுப்பான் என்ற பெயர் ஒரு பொருளை நிரபராதியாக்கிவிடாது என்பதற்கு அது போதும். ஈ உயிர்ச்சத்து அளவு மீறினால் இரத்தக் கசிவுக்கு இடம் உண்டு. என்-அசிட்டைல்சிஸ்டைன் குமட்டலும் வாந்தியும் தரலாம். அதன் அழுகிய முட்டை வாடையை, அசுத்த அச்சம் உள்ள பிள்ளை எப்படி எதிர்கொள்ளும் என்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். மிகப் பெரிய இழப்பு காலம்: மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்கும் ஆறு மாதத்தில் சடங்குகள் வேரோடிவிடும்.

ஏனென்றால் பலன் தெரிந்த சிகிச்சை இருக்கிறது. அச்சம் தரும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளவைத்து, அதற்கு வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை அது; தேவைப்படுமிடத்தில் செர்ட்ராலின், ஃபுளூவோக்ஸமின், ஃபுளூஆக்ஸெட்டின் போன்ற மருந்துகள் சேரும். 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில், பன்னிரண்டு வாரங்களில் நோய் தணிந்த நிலையை எட்டியவர்கள், நடத்தைச் சிகிச்சையும் செர்ட்ராலினும் சேர்த்துப் பெற்றவர்களில் 53.6 சதவீதம், நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39.3, செர்ட்ராலின் மட்டும் பெற்றவர்களில் 21.4, போலி மாத்திரை பெற்றவர்களில் 3.6. எந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் பிள்ளைகளிடம் இந்த எண்களின் அருகில்கூட வரவில்லை. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில்கூட ஏறக்குறைய பாதிப்பேர் முழுத் தணிவு கிடைக்காமல் எஞ்சுகிறார்கள் அல்லவா, அவர்களுக்காகத்தான் புதிய வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது என்ற வாதம் நியாயமானது. அதனாலேயே ஆக்சிஜனேற்ற ஆய்வுகளைக் கைவிடச் சொல்லவில்லை, நன்றாகச் செய்யச் சொல்கிறேன்.

நன்றாகச் செய்வது என்றால் என்ன என்பதும் தெளிவாகவே இருக்கிறது. இன்னும் மருந்து தொடாத பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றில், முந்தைய இரவுத் தூக்கத்தையும் கடந்த வார உணவையும் குறித்துவைத்து, நடத்தைச் சிகிச்சையின் முதல் அமர்வுக்கு முன் ஒரு முறையும் பன்னிரண்டு வாரம் முடிந்தபின் ஒரு முறையும் அளக்க வேண்டும். இரத்தத்தோடு, முடிந்தால் மூளைக் குளுட்டாதயோனையும். நோய் இல்லாத உடன்பிறப்பிடமும் அதே காலையில் அதே அளவீடு. எந்த மாத்திரையும் இல்லாமல் சடங்குகள் குறையும்போது எம்டிஏவும் சேர்ந்து குறைந்தால், உயர்வு நோயின் விளைவு என்ற பக்கம் தராசு சாயும். அதில் தூக்கமும் உணவும் சீரானதன் பங்கு எவ்வளவு என்பதைக் குறிப்பேடு காட்டிவிடும். பிள்ளை தேறியபின்னும் எம்டிஏ உயர்ந்தே நின்றால், நோய்க்கு முன்பிருந்தே உள்ள தன்மை ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். கதவுத் தாழ்ப்பாளைப் பற்றிக் கவலையே இல்லாமல் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடும் தம்பியிடமும் அதே உயர்வு காணப்பட்டால், அது குடும்பத்தில் ஓடும் ஒரு கூறு. அப்போது கேள்வியையே மாற்றி, அதே உயர்வை வைத்துக்கொண்டு தம்பி எப்படி நோய்வாய்ப்படாமல் இருக்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கும்.